ப்ரீடா டூலன் கெடுத்த குடும்பம்

அந்த அம்மாவைத்தான கேக்கிய? பஸ் ஸ்டாப்புல எல்லாருக்கும் கை குடுத்துக்கிட்டு நின்னாளே, சிவப்புக் கோட்டு? எம்.பி., அண்ணாச்சி. இங்க டி.டி.ன்னு சொல்லுவாவ. டப்ளின் பார்லிமெண்ட்ல எங்க தொகுதிக்கு உக்காந்திருக்கா. பேரு ப்ரீடா டூலன். உங்களுக்கும் கை குடுத்தா, பாத்தேன். நீங்க மகளைப் பாத்துட்டு விருதுநகருக்குத் திரும்புத ஆளு. உங்களுக்கு இங்க ஓட்டே கிடையாது. ஆனாலும் குடுத்தா. எதுத்தாப்புல ஒரு கை தெரிஞ்சா பிடிச்சுக் குலுக்கிருவா. அது ஒரு வியாதி.

என்கிட்ட என்ன கேட்டா, கவனிச்சியளா? "பியூலா எப்படி இருக்கா?" அதான் கேட்டா. பியூலா என் வீட்டுக்காரி. நான் எப்படி இருக்கேன்னு கேக்கல. குத்துக்கல்லு மாதிரி முன்னால நிக்கேன், என்னைக் கேக்கல.

ஏர்போர்ட்டுக்குத்தான போறிய? நானும் அங்கதான். மச்சினி வாரா, நாசரேத்துல இருந்து. வண்டியை வீட்டுக்காரி எடுத்துட்டுப் போயிட்டா, அதான் பஸ்ஸு. டப்ளினுக்கு இன்னும் நேரம் கிடக்கு. சொல்லுதேன், கேளுங்க. நீங்க ஊருக்குப் போற ஆளு, உங்ககிட்டச் சொன்னா இங்க ஒருத்தன் காதுக்கும் போகாது.

முதல்ல அவ யாருன்னு தெரிஞ்சுக்கிடணும். நாம பஸ்ஸு ஏறின ஊரு இருக்குல்லா, பாலிடூன், அங்க போஸ்ட் ஆபீஸ்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல கவுண்டர்ல உக்காந்து ஸ்டாம்பு வித்தவ இவ. ஊர்ல யாரு எந்த வீடு, யாருக்கு யாரு என்ன வேணும், எந்தக் கிழவிக்கு மகன் பணம் அனுப்புதான், எவன் அனுப்பல, எல்லாம் அத்துப்படி. திடீர்னு கவர்மெண்டு அந்த ஆபீஸை மூடுதேன்னு சொன்னான். இவ கிழவன் கிழவியை எல்லாம் சேத்து ரோட்டுல உக்கார வச்சா. கையெழுத்து வாங்கினா. டப்ளினுக்குப் பஸ்ஸு பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. கடைசியில என்னாச்சு? மூடிட்டான். தோத்த போராட்டம், அண்ணாச்சி. நம்ம பக்கம்னா தோத்தவனுக்கு டீ வாங்கிக் குடுக்கக்கூட ஆளு இருக்காது. இங்க என்னடான்னா, தோத்தாலும் கூட நின்னாளேன்னு ஒரு கட்சி அவளைக் கவுன்சில் எலெக்சனுக்கு நிக்கச் சொல்லிட்டு.

நாங்க அந்தச் சமயத்துலதான் இந்த ஊருக்கு வந்தோம். பியூலா நர்ஸு, இங்க ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சுது. நான் கூட வந்தேன். கூட வந்தேன்னா, குடும்பம்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு தலைமை வேணும்லா, அதுக்கு வந்தேன். நம்ம ஊர்ல நான் சும்மா கிடந்த ஆளு இல்ல. கல்யாணத்துக்கு முன்னாலயே கட்சி. கிளைச் செயலாளர். பூத்துக்கு ஆளு போடுதது, ஆட்டோவுல மைக்கு கட்டுதது, வோட்டர் லிஸ்ட்டுல செத்தவனைப் பிரிச்சு எடுக்கது, எல்லாம் நான்தான். சீட்டு மட்டும் ஒருநாளும் குடுக்கல. அது வேற கதை.

ஒரு நாள் சாயங்காலம் மழையில கதவைத் தட்டுதாவ. திறந்தா நனைஞ்ச கோழி மாதிரி ஒரு பொம்பள. நான் ப்ரீடா, கவுன்சிலுக்கு நிக்கேன், உங்க ஆதரவு வேணும்னா. அம்மா, நாங்க இந்தியா, எங்களுக்கு ஓட்டு இல்லன்னேன். இருக்குன்னா. கவுன்சில் எலெக்சனுக்கு இந்த ஊர்ல குடியிருந்தாப் போதுமாம், எந்த நாட்டுக்காரனும் போடலாமாம். பார்லிமெண்டுக்குத்தான் குடியுரிமை வேணுமாம். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு, அண்ணாச்சி. வந்து இறங்கி ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள ஒருத்தி மழையில நனைஞ்சு வந்து என்கிட்ட ஓட்டுக் கேக்கா. உள்ள வா, டீ குடின்னேன். பியூலா டீ போட்டா.

பேரு கேட்டா. ஆசீர்னேன். ஆஷர்னு சொன்னா. அன்னையிலயிருந்து இந்த ஊருக்கு நான் ஆஷர். பியூலா பேரை மட்டும் நாலு தடவை சொல்லிப் பாத்து ஒழுங்காச் சொன்னா. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

நான்தான் அவளுக்கு அரசியல் சொல்லிக் குடுத்தேன். இப்படி ஒவ்வொரு கதவாத் தட்டினா விடிஞ்சிரும், ஆளை ஒரே இடத்துல சேருன்னேன். சர்ச்சு ஹாலை எடுத்து, ஆஸ்பத்திரியில இருக்க நம்ம பிள்ளைய, மலையாளத்துப் பிள்ளைய, பிலிப்பைன்ஸ் பிள்ளைய எல்லாத்தையும் வரவச்சோம். போன் போட்டுக் கூப்பிட்டது பியூலா. பிரியாணியும் அவதான் பண்ணினா. ஆனா கூட்டம் போடணும்ங்கிற யோசனை யாரோடது? அதைச் சொல்லுங்க. ஹால் நிறைஞ்சுட்டு. ப்ரீடா ஜெயிச்சுட்டா.

ஜெயிச்ச பிறகு அவ பண்ணின அரசியலைக் கேட்டியன்னா சிரிப்பிய. தெரு விளக்கு. ரோட்டுக் குழி. நாம ஏறினோமே அந்த பஸ் ஸ்டாப்புக்குக் கூரை, அது அவ போட்டது. பிறகு சாவு. எவன் வீட்டுல சாவுன்னாலும் வரிசையில நிப்பா. கை குடுப்பா, உங்களுக்கு நேர்ந்ததுக்கு வருத்தம்னு சொல்லுவா, அடுத்த சாவுக்குப் போயிருவா. இதுக்குப் பேரு அரசியலா? ஒரு பொதுக்கூட்டம் கிடையாது, ஒரு கட்அவுட் கிடையாது, ஒரு சால்வை கிடையாது. இப்படியே அடுத்தடுத்து ரெண்டு தடவை ஜெயிச்சா.

வெளிநாட்டுக்காரன் பிரச்சினை எல்லாம் என் வீட்டுக்கு வரும். வாடகை வீட்டுக்காரன் ஹீட்டரைச் சரிபண்ணித் தரல, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல இடம் கிடைக்கல, இறைச்சிக் கம்பெனியில விரலை வெட்டிக்கிட்டவனுக்கு லீவு குடுக்கல. நான் முன் ரூம்ல உக்காந்து கேப்பேன். பியூலா உள்ள இருந்து போன் பண்ணி, எழுதி, எங்க பேசணுமோ பேசி முடிச்சுக் குடுப்பா. வேலை முடிஞ்சு போகும்போது அவளுக்கு நன்றி சொல்லிட்டுப் போவானுவ. ஆனா ஒருத்தன் உக்காந்து கேட்டாத்தான அது அரசியல்? அதை நான்தான் பண்ணினேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. அதுக்குப் பிறகுதான் அந்த ஹோட்டல் விசயம்.

ஏரிக்கரையில ஒரு பழைய ஹோட்டல் மூடிக் கிடந்துச்சு. கவர்மெண்டு அதை எடுத்து, அடைக்கலம் கேட்டு வாரவங்களைக் கொண்டுவந்து வைக்கப் போறான்னு பேச்சு அடிபட்டுச்சு. ஊரு கொதிச்சுப் போயிட்டு. ஊரைக் கேக்காம எப்படி வைக்கலாம்? ஆஸ்பத்திரியை விட்டா ஊருக்கு டாக்டர் ஒருத்தர்தான் இருக்காரு, பள்ளிக்கூடத்துல இடமில்ல, வாரவன் யாரு எவன்னு தெரியாது. எல்லாம் நியாயமான கேள்விதான? நான் அகதிக்கு எதிரி இல்ல, அண்ணாச்சி. ஆனா நாங்க முறையா வந்தோம். பரீட்சை எழுதி, விசா வாங்கி வந்தோம். பரீட்சை எழுதினது பியூலா, சரி. விசா குடும்பத்துக்குத்தான குடுத்தான்?

நான் வேலை பாக்கது ஹார்டுவேர் கடையில. முதலாளி மார்ட்டின் ஃபாஹி. அதுவரைக்கும் அவன் என்கிட்டப் பேசினதெல்லாம் அந்த சிமெண்டு மூட்டையை இங்க கொண்டா, இந்தப் பலகையை அங்க வைங்கிறதுதான். அவன்தான் ஹோட்டல் எதிர்ப்புக் கமிட்டிக்குத் தலைவன். ஒரு நாள் எல்லாரு முன்னாலயும் என் தோள்ல கையைப் போட்டு, "இவன் நம்ம ஆளு"ன்னான். "முறையா வந்தவன். இவனே எதிர்க்கான் பாருங்க"ன்னான்.

நம்ம ஆளுன்னான், அண்ணாச்சி. அத்தனை வருசத்துல இந்த ஊர்ல என்னை யாரும் அப்படிச் சொன்னதில்ல. நம்ம ஊர்ல கட்சிக்காரன்கூடச் சொன்னதில்ல. ஹோட்டல் கேட்டுல காவல் இருக்க எனக்கு ஒரு நாற்காலி குடுத்தானுவ. பளபளன்னு மின்னுத ஒரு மஞ்சக் கோட்டு. ஃப்ளாஸ்குல டீ. நான் ஃபோல்டிங் நாற்காலியில உக்காந்தா போற வாரவன் எல்லாம் கையைத் தூக்கிட்டுப் போவான்.

இந்தச் சமயத்துல ப்ரீடா கடைக்கு வந்தா. அடுத்து பார்லிமெண்டு எலெக்சன், அவ அதுல கண்ணு வச்சிருந்தா, எல்லாருக்கும் தெரியும். மார்ட்டினும் நானும் நிக்கோம், ஊர்க்காரங்க நாலு பேரு நிக்காவ. "நான் கவுன்சிலரா இருக்கிற வரைக்கும் ஊரைக் கேக்காம ஒருத்தரும் அந்த ஹோட்டலுக்குள்ள வர மாட்டாங்க"ன்னு சொன்னா. என் காதால கேட்டேன். இதை ஞாபகத்துல வச்சுக்கிடுங்க. வாக்குக் குடுத்தது அவ.

பிறகு ஒரு நாள் விடியக்காலத்துல, நாங்க யாரும் இல்லாத நேரமாப் பாத்து, ஒரு வேன்ல கொஞ்சப் பேரைக் கொண்டுவந்து உள்ள விட்டுட்டான் கவர்மெண்டு. செய்தி தெரிஞ்சதும் ஊரே கேட்டுல திரண்டுட்டு. மாட்டை அடைக்கிற இரும்புத் தட்டியைக் குறுக்க வச்சு மறிச்சோம். மத்தியானம், தூறல். ஒரு ட்ராக்டர் ட்ரெய்லர் மேல ஏறி ப்ரீடா பேசிக்கிட்டு இருக்கா, எங்க பக்கந்தான் பேசுதா. அப்ப உள்ள இருந்து ஒரு வண்டி வந்துச்சு.

சாம்பல் கலர் வண்டி. எங்க வண்டிதான். ஆனா இந்த நாட்டுல எல்லா வண்டியும் சாம்பல் கலர்தான், அண்ணாச்சி. மழையில கண்ணாடி பூரா ஆவி. நம்பரை யாரு பாத்தா? வீட்டுக்காரி உள்ள இருக்கான்னு நான் எப்படிக் கண்டேன்? லீவுன்னு வீட்டுல படுத்திருந்தவ. ஹோட்டல்ல ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டுது, ஆம்புலன்ஸு வர நேரமாகும்னு டாக்டர் வீட்டுலயிருந்து இவளுக்குப் போன் வந்திருக்கு. ஹோட்டலுக்குப் பின்னால மாட்டுப் பாதை ஒண்ணு உண்டு. அது வழியா வண்டியை விட்டுட்டுப் போயிருக்கா. பிள்ளையை ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பையில அந்தப் பாதை மேட்டுல ஏற முடியாம சேத்துல சக்கரம் சுத்தவும், முன் கேட்டுக்கு வந்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா?

மார்ட்டின் வண்டி முன்னால போய் நின்னான். நானும் நின்னேன். ஆளோட ஆளா நின்னேன். கண்ணாடி இறங்குச்சு. பியூலா. பின் சீட்டுல ஒரு கறுப்புப் பொம்பள, மடியில பிள்ளை. மூணு நாலு வயசு இருக்கும். உதடு ஒரு மாதிரி நீலமா இருந்துச்சு.

"வழி விடுங்க." தமிழ்ல சொன்னா. சத்தம் போட்டுக்கூடச் சொல்லல.

நான் விட மாட்டேன்னு சொன்னேனா? சொல்லல. என்ன ஏதுன்னு கேட்டுட்டு விடலாம்னு நின்னேன், அவ்வளவுதான். மார்ட்டின் கை என் தோள்ல இருக்கு. சுத்தி இருக்கவனெல்லாம் என்னைப் பாக்கான். ஒரு தலைமையில இருக்கவன் டக்குனு முடிவெடுக்க முடியுமா? ரெண்டு நிமிசம் இருக்குமா? அதுக்குள்ள அந்த ப்ரீடா ட்ரெய்லர்ல இருந்து குதிச்சு ஓடி வந்தா. வண்டிக்குள்ள பாத்தா. என்னைப் பாத்தா. போயி தட்டியைப் பிடிச்சு இழுத்தா. அது கனம், ரெண்டு ஆம்பள தூக்குத சாமான். சேத்துல ஒரு செருப்பு கழண்டு போச்சு. ஒத்தச் செருப்போட இழுத்து நீக்கிட்டு, வண்டிக்கு முன்னால கையை விரிச்சுக்கிட்டு நடந்தா. கூட்டத்துல ஒருத்தன் காறித் துப்பினான். அவ தலைமுடியில விழுந்துச்சு. துடைக்காம நடந்தா.

பிள்ளை பிழைச்சுக்கிட்டு. இப்ப ஊர்ப் பிள்ளைகளோட பந்து விளையாடுதான், சுட்டிப் பய. பிழைச்சுட்டான்லா? அப்ப ரெண்டு நிமிசத்துல என்ன கெட்டுப் போச்சு?

பியூலா அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு பொங்கினா. எனக்குப் போட்டு வச்சா. கேட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. மறுநாளும் பேசல. இன்னைக்கு வரைக்கும் பேசல, அண்ணாச்சி. நீங்களே சொல்லுங்க. என் மேல தப்பு இருந்தா ஒரு பொண்டாட்டி கேக்காம விடுவாளா?

அடுத்த வாரம் சர்ச்சு ஹால்ல ஊர்க்கூட்டம். ப்ரீடா எந்திரிச்சா. என்னமோ சமாளிச்சுப் பேசுவான்னு பாத்தேன். நல்ல அரசியல்வாதி அப்படித்தான பண்ணுவான்? கவர்மெண்டைத் திட்டி, ஊரைத் தூக்கி வச்சுப் பேசி, வழுக்கிட்டுப் போயிருவான். இவ நேராச் சொன்னா. "மார்ட்டின் கடையில வச்சு உங்களுக்கு ஒரு வாக்குக் குடுத்தேன். ஓட்டுக்காகக் குடுத்தேன். அது தப்பான வாக்கு. அதைக் காப்பாத்தப் போறதில்ல. அதுக்காக நீங்க எனக்கு ஓட்டுப் போடலன்னா அது உங்க இஷ்டம்."

ஹால்ல நாற்காலி பறந்துச்சு. வாக்குத் தவறிட்டேன்னு அவளே ஒத்துக்கிடுதா! நம்ம ஊர்ல எங்க மாவட்டச் செயலாளர் இப்படிப் பேசினா அன்னைக்கே கட்சியை விட்டுத் தூக்கியிருப்பாவ. இங்கயும் தூக்கத்தான் பாத்தாவ. அவ கட்சியே அவளை நிறுத்த யோசிச்சுது. கடைசியில வேற ஆளு கிடைக்காம மனசில்லாம நிறுத்தினாவ. அவ போஸ்டர்ல கண்ணைக் குத்தி வச்சானுவ. கார் கண்ணாடியில முட்டை. அவ பழையபடி ஒவ்வொரு வீடாப் போயிக் கதவைத் தட்டினா. தட்டின பாதி வீட்டுல மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்தினானுவ. மழையும் விடல. கூட யாரு போனான்னு நினைக்கிய? என் வீட்டுக்காரி. டூட்டி முடிஞ்சு யூனிஃபார்ம் மேலயே கோட்டைப் போட்டுக்கிட்டு.

மார்ட்டின் சுயேச்சையா நின்னான். நான் அவனுக்கு வேலை பாத்தேன். அதுக்குள்ள எங்களுக்குக் குடியுரிமை வந்திருந்துச்சு, ஓட்டு உண்டு. எங்க வீட்டு மாடி ஜன்னல்ல மார்ட்டின் போஸ்டரை ஒட்டினேன். வேலைக்குப் போயிட்டு வந்து பாத்தா கீழ் ஜன்னல்ல ப்ரீடா போஸ்டர். தெருவுல போறவன் எல்லாம் நின்னு பாத்துச் சிரிச்சுட்டுப் போனான். குடும்பமா அது? கிழிச்சுப் போடலாம்னு கீழ போனேன். அவ சமையக்கட்டுல நின்னு என்னைப் பாத்தா. சும்மாதான் பாத்தா. கை வரல, விட்டுட்டேன்.

ஜெயிச்சுட்டா, அண்ணாச்சி. இங்க ஒரே தொகுதிக்கு நாலு எம்.பி. சீட்டு, அதுல கடைசி சீட்டு, கடைசி நிமிசத்துல. மார்ட்டின் தோத்துட்டான். இவ எப்படி ஜெயிச்சான்னு இன்னைக்கு வரை எனக்குப் புரியல. ஊர்ல கேட்டா எவனும் அவளுக்குப் போட்டேன்னு சொல்ல மாட்டேங்கான்.

சரி, இனிமேதான் விசயம். இந்த நாட்டுல பார்லிமெண்டுக்குப் போயிட்டா கவுன்சிலராவும் இருக்க முடியாது, விட்டுரணும். அந்த இடத்துக்கு எலெக்சன் கிடையாது, கட்சி ஒரு ஆளை நேரா உக்கார வைக்கும். அது யாருங்கிறது ப்ரீடா கையில. நான் எதிர்த்து வேலை பாத்தவன்தான். ஆனா அரசியல்ல எதிர்த்து நின்னவனைத்தான் முதல்ல இழுப்பாவ, அதான வழக்கம்? வெளிநாட்டுக்காரன் ஓட்டு வேணும்னா அவளுக்கு யாரு இருக்கா, என்னை விட்டா? நான் கணக்குப் போட்டுட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரேன்னு போன் பண்ணினா. நான் கோட்டு, டை எல்லாம் கட்டிட்டு முன் ரூம்ல உக்காந்தேன். கவுன்சில் சபையில பேச என்ன வார்த்தைன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். பழசை மறப்போம், ஊருக்காக உழைப்போம், அப்படி. வந்தா. உக்காந்தா. எனக்குக் கை குடுத்தா. பிறகு நாற்காலியை அடுக்களைப் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கிட்டு, "பியூலா, கொஞ்சம் இங்க வா"ன்னா.

பியூலா கையைத் துடைச்சுக்கிட்டு வந்து நின்னா.

"என் இடத்துக்கு உன் பேரைக் குடுத்திருக்கேன்"னா ப்ரீடா. "நீ முன்னால ரெண்டு தடவை முடியாதுன்னுட்ட. இதான் கடைசி. இனிமே கேக்க மாட்டேன்."

ரெண்டு தடவை! எனக்குத் தெரியவே தெரியாது. பியூலா அந்தக் கட்சியில எப்பவோ மெம்பர் ஆயிருக்கா, மாசாமாசம் கூட்டத்துக்குப் போயிருக்கா. நான் நைட் டூட்டின்னுல்லா நினைச்சேன்? அவ என்னைத் திரும்பிப் பாப்பான்னு இருந்தேன். என்னங்க செய்யட்டும்னு கேப்பா, நானும் பெருந்தன்மையா சரின்னு சொல்லிரலாம்னு இருந்தேன். அவ பாக்கல.

"சரி"ன்னா. அவ்வளவுதான். சரின்னுட்டு டீ போடப் போயிட்டா.

நம்ம ஊர்ல ஒரு தடவை எங்க வார்டு பொம்பளைங்க வார்டா மாறிச்சு. உன் வீட்டுக்காரியை நிறுத்து, நீ பின்னால இருந்து பாத்துக்கன்னு ஒன்றியச் செயலாளர் சொன்னாரு. முடியாதுன்னுட்டேன். என் பொண்டாட்டி படத்தைச் செவுத்துல ஒட்ட மாட்டேன்னேன். அப்படி வச்சிருந்தவன் நான். அவளைக் கொண்டுபோயி கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்டது யாரு? இந்த ப்ரீடா. நீங்க பாலிடூன்ல இருந்த நாள்ல பாத்திருப்பிய, கம்பத்துல பழைய போஸ்டர் ஒண்ணு ரெண்டு இன்னும் கிடக்கும், சேலை கட்டி ஒருத்தி. அதான் என் வீட்டுக்காரி.

இப்ப நான் யாரு? கவுன்சிலர் வீட்டுக்காரன். வீட்டுக்கு வாரவன் என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பாக்கான். சபையில போயி அவ என்ன பேசுதா தெரியுமா? சாக்கடை, பள்ளிக்கூட பஸ்ஸு, முதியோர் இல்லத்துக்கு ஹீட்டர். அந்த ப்ரீடாவாவது பார்லிமெண்டுல போயி எதையாவது கிழிச்சாளா? போஸ்ட் ஆபீஸ் இன்னும் மூடித்தான் கிடக்கு. போன வருசம் எங்க ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவைக் குறைக்கணும்னு கட்சி சொல்லவும் இவளும் சேந்து ஓட்டுப் போட்டா. பியூலா சபையில எந்திரிச்சு, இந்த ஊர்ப் பிள்ளைக்கு மூச்சு முட்டினா இனிமே எங்க தூக்கிட்டு ஓடணும்னு ப்ரீடா டூலன் வந்து சொல்லட்டும்னு பேரைச் சொல்லியே கேட்டுட்டா. பேப்பர்ல வந்துச்சு. ஆகா, முறிஞ்சுது, இனிமே என் வீடு எனக்குத் திரும்பி வந்துரும்னு நினைச்சேன். மறுவாரம் பாத்தா ரெண்டு பேரும் எங்க அடுக்களையில உக்காந்து டீ குடிக்காவ. சண்டை போடுதாவ, டீ குடிக்காவ, மறுபடி சண்டை போடுதாவ. வெக்கம் கெட்ட அரசியல்.

இந்த வருசம் கவுன்சில் எலெக்சன் வந்துச்சு. இந்தத் தடவை பியூலா சொந்தமா நின்னு ஜெயிக்கணும். மார்ட்டின் தன் அக்கா மகனை நிறுத்தினான். எனக்கு என்ன பண்ணன்னு தெரியல. மார்ட்டின் முதலாளி. என்னை நம்ம ஆளுன்னு சொன்னவன். இவ பொண்டாட்டி. ஆனா என்னைக் கேக்காம சரின்னு சொன்னவ.

இங்க ஓட்டுச் சீட்டுல முத்திரை குத்துதது கிடையாது. ஒரு பென்சில் தருவாவ. பேருக்கு நேரே உங்க விருப்பப்படி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடணும். நீங்க ஒண்ணு போட்ட ஆளு தோத்து வெளிய போயிட்டாலும் உங்க ஓட்டு சாகாது. ரெண்டு போட்ட ஆளுக்குப் போயிரும். விசித்திரமான ஊரு.

நான் ஒண்ணு போட்டது மார்ட்டின் மருமகனுக்கு. மறைக்க மாட்டேன். அழுத்திப் போட்டேன், பென்சில் முனை மழுங்குத மாதிரி. போட்டுட்டு வெளிய வந்திருக்கணும். ஆனா இங்க சீட்டுலயே படம் இருக்கும். பியூலா படம். கல்யாண ஆல்பத்துலகூட அவ அப்படி நிமிந்து பாத்ததில்ல. வீட்டுக்காரி பேருக்கு நேரே வெறுமையா விட்டுட்டு வரக்கூடாதுல்லா, ஒரு மரியாதைக்கு ரெண்டுன்னு போட்டேன். மரியாதைக்குத்தான்.

விளையாட்டு ஹால்ல எண்ணினாவ. ஒவ்வொருத்தரா வெளிய போறாவ. கடைசி சீட்டுக்கு மூணு பேரு மிச்சம்: மார்ட்டின் மருமகன், பியூலா, பிறகு பழைய கவுன்சிலர் ஒருத்தரு. மருமகன் ஓட்டுல குறைஞ்சுட்டான், அவனை வெளிய எடுத்துட்டு அவன் கட்டைப் பிரிக்காவ. பியூலா முடிஞ்சான்னு எல்லாரும் சொன்னாவ. அவனுக்கு ஒண்ணு போட்டவன் எவன் இவளுக்கு ரெண்டு போடப் போறான்? பிரிச்சாவ. பாதிச் சீட்டுல வேற நம்பரே இல்ல. மிச்சம் பழைய கவுன்சிலருக்குப் போகுது. இவ தட்டுல ஒண்ணு விழுந்துச்சு. பிறகு ஒண்ணு. ஆஸ்பத்திரியில இவ பாத்துக்கிட்ட கிழவனுவளா இருக்கும். கொஞ்ச ஓட்டுதான், அண்ணாச்சி, ஒரு கையால அள்ளிரலாம். அந்தக் கொஞ்ச ஓட்டுலதான் ஜெயிச்சா.

மார்ட்டின் ஹாலைச் சுத்திப் பாத்தான். எந்தத் துரோகி இவளுக்கு ரெண்டு போட்டான்னு கேட்டான். நான் கூரையைப் பாத்தேன்.

ப்ரீடா ஓடிவந்து பியூலாவைக் கட்டிப் பிடிச்சா. பிறகு எனக்குக் கை குடுத்தா, அந்த வியாதி எங்க போகும். அவ அந்தப் பக்கம் போனதும் பியூலா என் பக்கத்துல வந்து நின்னா. பிறகு மெதுவா, "எனக்கு எத்தனாம் நம்பர் போட்டிய?"ன்னு கேட்டா.

"ஒண்ணு"ன்னேன்.

அவ என் மூஞ்சியையே பாத்தா. "ரெண்டு போட்டிருந்தாலும் போதும்"னா. சொல்லிட்டு எல்லாருக்கும் கை குடுக்கப் போயிட்டா.

அது ப்ரீடா சொல்லிக் குடுத்த பேச்சு, அண்ணாச்சி. வேற யாரு? என் பொண்டாட்டிக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது.